உப்புக்கடை கிரெசென்ஸ்

ஹால்டனுக்கு நான் கல்யாணமாகி வந்த அன்று, மாதா கோயில் வாசலில் நின்ற பெண்கள் முதலில் பார்த்தது என் கழுத்தைத்தான். நான் ரோன் ஆற்றங்கரையில், திராட்சைத் தோட்டங்கள் இருக்கும் பக்கத்தில் பிறந்தவள். எங்கள் பக்கமும் கழுத்து வீங்கித் தொங்கும் கழலை நோய் உண்டு. ஆனால் இந்த மலைமேல் இருப்பதுபோல் வீட்டுக்கு வீடு கிடையாது.

"என்னடி இது, பொறந்த வீட்டுல சாப்பாடே போடலையா? வாத்துக் கழுத்தாட்டம் இருக்கு" என்றாள் ஒருத்தி. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தபோது அவர்கள் தாடைக்குக் கீழே தொங்கியவையும் சேர்ந்து குலுங்கின.

"விடுங்கடி, சின்னப் பொண்ணு. கழுத்து வளர இன்னும் காலம் கெடக்கு" என்று பின்னாலிருந்து ஒரு கனத்த குரல் வந்தது. என் கணவர் தியோடுலின் அக்கா கிரெசென்ஸ் அவள். ஊரிலேயே பெரிய கழலைகளில் ஒன்று அவளுடையது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, நடுவில் சின்னதாக இன்னொன்று. அதன்மேல் கறுப்புப் பட்டுத்துணி சுற்றி வெள்ளி ஊசி குத்தியிருந்தாள். அது அவளுடைய ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு சேர்ந்தது. மறைப்பதாக அவளும் நினைக்கவில்லை, மற்றவர்களும் நினைக்கவில்லை.

உப்பு எங்கள் மாகாணத்தில் அரசாங்கச் சரக்கு. ஊருக்கு ஒருவர்தான் விற்கலாம். ஹால்டனில் அந்த உரிமை வெனெட்ஸ் குடும்பத்துக்கு, அதாவது என் மாமனார் வீட்டுக்கு இருந்தது. அவர் இறந்தபின் கிரெசென்ஸ் எடுத்து நடத்தினாள். வீட்டின் கீழ்த்தளத்தில், மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்து அறைதான் கடை. மோரிட்ஸ் என்ற கோவேறு கழுதைக்காரர் பள்ளத்தாக்கிலிருந்து மூட்டை கொண்டுவந்து போடுவார். அக்கா தராசு பிடித்தால் யாரும் தட்டைப் பார்க்க மாட்டார்கள், அவ்வளவு நம்பிக்கை. கோயிலில் ஜெபமாலையை முன்னின்று சொல்பவளும் அவளே. குரல் அப்படி. மேய்ச்சலில் இருக்கும் மாடுகளை அவள் இங்கிருந்து கூப்பிட்டால் எதிர் மலைக்காரர்களின் மாடுகளும் தலை தூக்கும் என்று கேலி பேசுவார்கள்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டு வந்தவர்கள் உண்டு. "கஸ்பரையும் கூட்டிக்கிட்டு வரலாமா?" என்று அவள் கேட்டதும் எழுந்து போய்விட்டார்களாம்.

கஸ்பர் அவளுக்கு அடுத்துப் பிறந்த தம்பி, என் கணவருக்கு அண்ணன். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சு வராது. வளர்ந்து நின்றபோதும் என் தோளுயரம்தான். தலை பெரிது, நடை தள்ளாட்டம். எல்லா ஊரிலும் அப்படி இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். எங்கள் ஊரில் ஏழெட்டுப் பேர். கஸ்பர் விறகு அடுக்குவார், ஆட்டைப் பார்த்துக்கொள்வார். கறுப்பு ரொட்டியை வெட்டும் வேலை அவருடையது. வருஷத்துக்கு இரண்டு தடவைதான் ஊர் அடுப்பில் ரொட்டி சுடுவார்கள், பிறகு அது கல்லாகிவிடும். வெட்டிய துண்டுகளில் மிருதுவானதைப் பொறுக்கி என் தட்டில் வைப்பார். இந்த வீட்டில் முதலில் எனக்குப் பிரியமானவர் அவர்தான்.

அவர் ஏன் அப்படிப் பிறந்தார் என்பதற்கு ஊரில் ஒரு கதை இருந்தது. என் மாமியார் கர்ப்பமாக இருந்தபோது, வேலையே செய்யக்கூடாத ஆகஸ்டு மாதா திருநாளன்று, மழை வரப்போகிறதே என்று புல் அறுத்துவிட்டாராம். அதற்குத் தண்டனை. மாமனார் அதை அப்படியே நம்பினார். அன்றிலிருந்து மாமியார் கோயிலில் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்தார், சாகும்வரை. நான் அவரைப் பார்த்ததில்லை. அக்காதான் ஒருநாள் பீன்ஸ் உரித்துக்கொண்டே சொன்னாள். சொல்லிவிட்டு, "அந்தப் புல்லு நனையாம வந்து சேர்ந்துச்சு. அதையும் சொல்லணும்ல" என்றாள்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் இலையுதிர் காலத்தில் நான் முதல்முறை கர்ப்பமானேன். அதே சமயம்தான் டாக்டர் அமாக்கர் மலையேறி வந்தார். பள்ளத்தாக்கில் வைத்தியம் பார்ப்பவர், குள்ளமான மனிதர். ஏறி வந்த களைப்பில் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன், குடித்துவிட்டுக் கடைக்குள் வந்தார்.

"கிரெசென்ஸ், உங்க உப்புல ஒரு சாமான் கலக்கணும்" என்றார்.

"என் உப்புலயா?" அக்கா தராசை ஓரமாக வைத்தாள். "எங்கப்பா காலத்துலேருந்து விக்கிறோம். ஒரு மணலு பல்லுல பட்டுச்சுன்னு ஒருத்தர் சொன்னதில்ல. கலப்படம் பண்ணச் சொல்லியா இவ்வளவு தூரம் ஏறி வந்தீங்க?"

"கலப்படம் இல்லம்மா. மருந்து. அயோடின்னு பேரு. மூட்டைக்கு ஒரு சிட்டிகை போதும். அரசாங்கத்துக்கு எழுதிப்போட்டு அனுமதி வாங்கிட்டேன்."

"மருந்துன்னா சீக்காளிக்குக் குடுங்க."

"ஊரே சீக்காளிதான்."

"யாரு, நானா? நான் சுமக்குற புல்லுக்கட்டுல பாதிய நீங்க சுமந்து காட்டுங்க, அப்புறம் பேசலாம்."

டாக்டர் சிரித்தார். அப்போது கஸ்பர் விறகோடு உள்ளே வந்தார். டாக்டர் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறவியிலேயே இப்படியா என்று கேட்டார். அக்கா மாதா திருநாள் கதையைச் சுருக்கமாகச் சொன்னாள், எல்லோருக்கும் சொல்வதுபோல.

"புல்லு அறுத்ததுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல" என்றார் டாக்டர். "இந்த மலை மண்ணுல அயோடின் இல்ல. தண்ணியில இல்ல, பால்ல இல்ல, நீங்க திங்கிற எதுலயும் இல்ல. வயித்துல புள்ளய வச்சிருந்தப்போ உங்கம்மா உடம்புல அது இல்லாமப் போச்சு. உங்க கழுத்துக்கும் அதுதான் காரணம், தம்பிக்கும் அதுதான்."

"நீங்க சொன்ன அந்தச் சிட்டிகையா?"

"அதே சிட்டிகைதான்."

 அக்கா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "வெளிய போங்க டாக்டரே" என்றாள். குரல் உயரவில்லை. டாக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நான் நினைத்தேன். அவளுக்கு வந்தது கோபம். வெட்ட வேண்டாத விறகையெல்லாம் வெட்டிப் போட்டாள். சாப்பிடும்போது கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு சிட்டிகை. ஒரு சிட்டிகைக்காகவாடா எங்கம்மாவ அங்க உக்கார வச்சீங்க?" என்று என் கணவரைப் பார்த்துக் கேட்டாள். அப்போது அவர் பிறக்கவே இல்லை. "என்னை ஏன் கேக்கிற?" என்று பாவமாகச் சொன்னார்.

அந்த வாரக் கடைசியில் அவளே மோரிட்ஸிடம் சொல்லி அனுப்பினாள், டாக்டரை வரச்சொல்லி.

ஊர்ச் சம்மதம் இல்லாமல் உப்பைத் தொட முடியாது. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ஆண்கள் கூடினார்கள். ஊர்த் தலைவர் ரூப்பன் நடுவில் நின்றார். பெண்களுக்கு வாக்கில்லை, சுவரோரம் நின்று கேட்கலாம். டாக்டர் பேசி முடித்ததும் ஆளாளுக்குக் கிளம்பினார்கள்.

"பாலாடைக்கட்டி கெட்டுப்போகும். உப்புல கைய வச்சா எல்லாத்துலயும் கைய வச்ச மாதிரி" என்றார் ஒருவர்.

"மாடு சினை பிடிக்காது" என்றார் இன்னொருவர்.

அன்டமாட்டன் என்ற மரம் வெட்டுபவர் முன்னால் வந்தார். "நான் வெளிப்படையாவே கேக்கிறேன். போன சண்டையில எம்பையனுக்குப் பட்டாளத்து ஓலை வந்துச்சு. கழுத்தப் பார்த்துட்டு, போடா வீட்டுக்குன்னாங்க. கழலை இல்லன்னா நாலு வருஷம் எல்லையில குளிர்ல நின்னிருப்பான். ஆண்டவன் குடுத்தத எதுக்கு எடுக்கணும்?"

எல்லோரும் தலையாட்டினார்கள். அப்போது சுவரோரத்திலிருந்து அக்கா குரல் வந்தது. "உம்பையன கழுத்துக்காகவா திருப்பி அனுப்புனாங்க? வலது கால் எதுன்னு கேட்டதுக்கு யோசிச்சானாமே?"

ஒரே சிரிப்பு. அன்டமாட்டனே சிரித்துவிட்டார். ரூப்பன் மட்டும் கையை உயர்த்தி, "பொம்பளைங்க பேசுற இடம் இல்ல இது, கிரெசென்ஸ்" என்றார்.

"உப்பு விக்கிறவ பேசுறேன்" என்று அவள் நடுவில் வந்து நின்றாள். "எங்கம்மாவ எல்லாருக்கும் தெரியும். கடைசி பெஞ்சுல எத்தனை வருஷம் உக்காந்தான்னும் தெரியும். அது பாவம் இல்ல, உப்புல ஒரு சாமான் இல்லாததுதான்னு இந்த ஆளு சொல்றாரு. நெசமா பொய்யான்னு எனக்குத் தெரியாது. நெசமா இருந்து, நாம வேண்டாம்னு சொல்லி, இனிமே ஒரு புள்ள கஸ்பராட்டம் பொறந்தா, அந்தத் தாய எந்த பெஞ்சுல உக்கார வைப்பீங்க?"

 அதற்காக யாரும் உடனே சம்மதித்துவிடவும் இல்லை. வெகுநேரம் பேசி, கடையில் இரண்டு பீப்பாய் வைப்பது என்று முடிவானது. ஒன்றில் சாதா உப்பு, ஒன்றில் டாக்டர் உப்பு. வேண்டியவர்கள் வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம்.

ரொட்டிமாவு பிசையும் தொட்டியில்தான் கலந்தோம். டாக்டர் ஒரு சீசாவிலிருந்து வெள்ளைப் பொடியை எடுத்துத் தண்ணீரில் கரைத்துத் தெளிக்க, அக்காவும் நானும் மரத்துடுப்பால் கிளறினோம். கஸ்பருக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்துவிட்டது. நாங்கள் களைத்து உட்கார்ந்த பிறகும் அவர் கிளறிக்கொண்டே இருந்தார். டாக்டர் நாக்கில் வைத்துப் பார்த்தார், அக்காவும் பார்த்தாள். "உப்பாத்தான் இருக்கு" என்றாள், ஏமாந்தவள்போல.

அந்தக் குளிர்காலத்தில் டாக்டர் உப்பை வாங்கிய வீடுகள் குறைவு. பள்ளிக்கூட வாத்தியார் வீடு, சாமியாருக்குச் சமைக்கும் அம்மாள், கைக்குழந்தைக்காரிகள் சிலர். மற்றவர்கள் வந்து, "அந்தப் பீப்பாய்ல வேண்டாம், இதுலேருந்து போடு" என்பார்கள். தராசுத் தட்டைத் துடைத்துவிட்டுப் போடச் சொன்னவர்களும் உண்டு. அக்கா அவர்கள் பார்க்கும்படி டாக்டர் உப்பில் ஒரு விரலைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொள்வாள். வீட்டில் எல்லோருக்கும் அந்த உப்புதான்.

ஜனவரிக் குளிரில் அவளிடம் ஏதோ மாறியது. முதலில் பசி. இரண்டு பேர் சாப்பிடுவதைச் சாப்பிட்டாள், ஆனால் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. பனியில் எல்லோரும் நடுங்கும்போது இவள் சன்னலைத் திறந்து வைத்தாள். கை நடுங்கி, தராசு முள் ஒரு நிலைக்கு வராமல் ஆடியது. சின்னப் பேச்சுக்கெல்லாம் எரிந்து விழுந்தாள். உட்கார்ந்திருக்கும்போதே கழுத்துத் துணி அவள் நாடியோடு சேர்ந்து துடிப்பது எனக்குத் தெரியும்.

ஊருக்குத் தெரிந்தது கோயிலில். ஜெபமாலை சொல்லும்போது அவள் வேகம் பிடித்துக்கொண்டே போனாள். நாங்கள் பாதி மறுமொழி சொல்வதற்குள் அடுத்த மணிக்குப் போய்விட்டாள். பின்னால் பிள்ளைகள் சிரித்தார்கள். கடைசியில் யாரும் கூடச் சொல்ல முடியாமல் நிறுத்திவிட, அவள் மட்டும் மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள். சாமியார் இறங்கி வந்து தோளைத் தொட்டதும்தான் நின்றாள்.

மறுநாளே ரூப்பன் இரண்டு ஆட்களோடு வந்தார். "உன்னையே பாரு, கிரெசென்ஸ். ஒடம்பு பாதியாப் போச்சு. அது விஷம்னு நாங்க அப்பவே சொன்னோம்" என்றார். டாக்டர் உப்புப் பீப்பாய்க்கு மூடி போட்டு ஆணி அடித்தார்கள். அவள் தடுக்கவில்லை. தடுக்கத் தெம்பும் இல்லை. வாங்கியிருந்த வீட்டுக்காரிகளில் சிலர் மிச்ச உப்பைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் கொட்டிவிட்டுப் போனார்கள். நாங்கள் பெருக்காமலே பனி உருகி அது போயிற்று, படியெல்லாம் வெள்ளைக் கறை விட்டு.

நான் அப்போது ஆறு மாதம். எனக்கு இருந்த பயத்தைச் சொல்ல முடியாது. அக்கா சாப்பிட்ட அதே உப்பைத்தானே நானும் சாப்பிட்டேன்?

டாக்டர் பனிச்சரிவு அபாயம் இருக்கும் பாதையில், மோரிட்ஸின் கழுதை மேல் வந்து சேர்ந்தார். அக்கா நெஞ்சில் காது வைத்துக் கேட்டார். கையை நீட்டச் சொல்லி விரல் நடுக்கத்தைப் பார்த்தார். கழலையை அழுத்தி அழுத்திப் பார்த்தார். அப்புறம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"சின்னப் புள்ளைங்களுக்கு நல்லது பண்றது, வருஷக்கணக்கா இறுகிப்போன பழைய கழலைக்கு இப்படிப் பண்ணும்னு நான் எதிர்பார்க்கல. எனக்குத் தெரியல. தப்பு என்மேல."

"தெரியலன்னு சொல்றதுக்கு இந்தப் பனியில ஏறி வந்தீங்களே" என்றாள் அக்கா, மூச்சு வாங்கிக்கொண்டே. "உக்காருங்க. வெரேனா, இவருக்குக் காப்பி ஊத்து."

காப்பி கொடுத்துவிட்டு நான் கேட்டேன். "என் வயித்துல இருக்கிறதுக்கு ஏதாவது ஆகுமா டாக்டர்?"

"உங்க கழுத்துல ஒண்ணும் இல்ல. உங்களுக்கு அது நல்லதுதான் பண்ணும்னு நம்புறேன். நிறுத்துனாத்தான் புள்ளைக்கு ஆபத்துன்னும் நம்புறேன். ஆனா சத்தியம் பண்ணச் சொன்னா பண்ண மாட்டேன், இவங்க விஷயத்துல ஒரு தடவை தப்பா நினைச்சவன்."

"போதும்" என்றார் என் கணவர். "இனிமே இந்த வீட்டுக்குள்ள அந்த உப்பு வேண்டாம்."

நான் அக்காவைப் பார்த்தேன். "என்னைப் பார்க்காத" என்றாள். "உன் வயிறு. நான் சொல்லி நீ தின்னு, நாளைக்கு ஒண்ணுன்னா என்னால தாங்க முடியாது. சொல்லாம விட்டு ஒண்ணுன்னாலும் தாங்க முடியாது. நீயே பாத்துக்க."

இரண்டு நாள் யோசித்தேன். கஸ்பருக்கு அந்தச் சமயம் பல்வலி. எங்கே வலிக்கிறது என்று காட்டக்கூடத் தெரியாமல், தலையைச் சுவரில் மோதிக்கொண்டார். என் கணவர் பிடித்துக்கொள்ள, நான் வாயைத் திறந்து பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். அவரைப்போல் ஒரு பிள்ளை பிறந்தால் நான் பிரியமாகத்தான் வளர்ப்பேன். ஆனால் என் பிள்ளை வலியைச் சொல்லத் தெரியாமல் சுவரில் மோதுவதை என்னால் பார்க்க முடியாது என்று தோன்றியது. கணவரிடம் சண்டை போட்டேன், அழுதேன். கடைசியில் அவர் கடைக்குப் போய் ஒரு ஆணியைப் பிடுங்கி, மூடியைத் தூக்கி, ஒரு கிண்ணம் அள்ளிக்கொண்டு வந்தார். "ரூப்பன் கேட்டா நான் இல்லன்னு சொல்வேன்" என்றார். எங்கள் அடுப்பு மேல் இரண்டு உப்பு ஜாடி வந்தது. அக்காவின் கஞ்சிக்கு ஒன்று, என் கஞ்சிக்கு ஒன்று.

பழைய உப்புக்கு மாறி, படுக்கையிலேயே கிடந்ததில் அக்காவுக்கு நெஞ்சுப் படபடப்பு கொஞ்சம் அடங்கியது. கழலையை அறுத்துவிடுவதுதான் நல்லது என்று டாக்டர் சொன்னார். பெர்ன் நகரத்து ஆஸ்பத்திரிக்கு எழுதிப்போட்டு ஏற்பாடு செய்தார். பனி உருகியதும் மோரிட்ஸ் அவளைக் கழுதையில் ஏற்றிக் கீழே கொண்டுபோனார். ரயில்வரைதான் போவதாகப் பேச்சு. பெர்ன்வரை போய் விட்டுவிட்டுத்தான் திரும்பினார். ஏன் என்று கேட்டதற்கு, "அந்த ஊர்ல பேசுற பேச்சு அவளுக்குப் பாதிதான் புரியும்" என்றார். அவருக்கும் பாதிதான்.

கஸ்பர் தினமும் பாதை திரும்பும் இடத்தில் போய் நின்றார். சாப்பிட இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது.

மே மாதம் எனக்கு மகள் பிறந்தாள். அகத்தா என்று ஞானஸ்நானம் கொடுத்தோம். நன்றாக அழுதாள், நன்றாகப் பால் குடித்தாள். ஆனால் காது கேட்கிறதா என்று நான் சோதித்துப் பார்க்கவில்லை. பயம். என் கணவரும் கை தட்டவில்லை, விசில் அடிக்கவில்லை. இரண்டு பேரும் வீட்டில் மெதுவாகவே நடந்தோம்.

அக்கா ஜூன் மாதம் திரும்பினாள். உடம்பு தேறியிருந்தது. கழுத்து ஒரு சாதாரணக் கழுத்து, குறுக்கே ஒரு சிவப்புத் தழும்பு. குரல் போய்விட்டிருந்தது. அடைத்துப்போய், உலர்ந்த இலை மிதிபடுவதுபோல் வந்தது. அடுப்படியில் உட்கார்ந்து எல்லாம் சொன்னாள், மோரிட்ஸும் இருந்தார்.

"கழுத்து மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, நான் முழிச்சிருக்கும்போதே அறுத்தாங்க. பேசிக்கிட்டே இருங்க, நிறுத்தாதீங்கன்னாரு அந்தப் பெரிய டாக்டரு. பேச்சு தடுமாறினா கத்தி குரல் நரம்புகிட்ட போகுதுன்னு தெரிஞ்சுக்கவாம். நான் ஜெபமாலை சொன்னேன். அவரு புராட்டஸ்டண்டு. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துட்டு, வேற ஏதாவது பேசுங்கன்னாரு."

"வேற என்ன பேசுனீங்க?"

"இவரு எனக்கு ஏமாத்தி வித்த மாட்டக் கதைய."

"ஏமாத்தியா?" என்றார் மோரிட்ஸ். "பல்லப் பாத்துத்தானே வாங்குன?"

"பல்லு இருந்துச்சு, பாலு இல்லயே. அது உதைச்சது, சந்தையில திரும்ப விக்கப் போனது, எல்லாம் சொன்னேன். நர்ஸம்மா சிரிச்சுட்டா, டாக்டர் அவள அதட்டினாரு. மாடு வேலி தாண்டுற இடத்துல குரல் கர்ருனு ஆச்சு. உடனே கைய எடுத்துட்டாங்க. அதுக்குள்ள ஆகிடுச்சுபோல. திரும்ப வரலாம், வராமலும் போகலாம்னாங்க."

சொல்லிவிட்டு எழுந்து தொட்டிலைப் பார்த்தாள். அகத்தா தூங்கிக்கொண்டிருந்தாள். "கேக்குதா?" என்றாள் என்னிடம். நான் தொட்டில் துணியைச் சரிசெய்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. சுவரிலிருந்து இரண்டு பாத்திர மூடிகளை எடுத்துத் தொட்டிலுக்குப் பின்னால் போய் நின்று, ஓங்கி ஒன்றோடு ஒன்று அடித்தாள்.

குழந்தை தூக்கிவாரிப்போட்டு, இரண்டு கையையும் விரித்து, வீறிட்டது.

என் கணவர் வெளியே போய்விட்டார். நான் பிள்ளையைத் தூக்கி அணைத்துக்கொண்டு அழுதேன். அக்கா மூடிகளோடு கீழேயே உட்கார்ந்து சிரித்தாள், சத்தமே வராத சிரிப்பு. கஸ்பர் எங்கள் முகத்தையெல்லாம் பார்த்தார். மூடிகளை அவள் கையிலிருந்து வாங்கிக் குழந்தை முகத்தைக் கவனித்துக்கொண்டே அடித்தார். அது துள்ளியது. அவருக்கு ஆச்சரியம். மறுபடி அடித்தார், மறுபடி துள்ளியது. "போதும்யா, புள்ள காது போயிடப் போகுது" என்று மோரிட்ஸ்தான் பிடுங்கி வைத்தார்.

ரூப்பன் வீட்டு வேலைக்காரி ஒருநாள் கிண்ணத்தோடு வந்து, "அந்த இன்னொரு உப்பு இருக்கா?" என்று கேட்டாள். ரூப்பனின் மருமகள் முழுகாமல் இருந்தாள். அக்கா மூடியை முழுவதும் எடுத்துவிட்டு அளந்து கொடுத்தாள். அதற்கப்புறம் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். பள்ளிக்கூடத்தில், அந்த உப்பைத் தின்ற பிள்ளைகளின் கழுத்தில் வீக்கம் வற்றிவருவதை வாத்தியார் எல்லோரிடமும் காட்டினார். பழைய கழலைக்காரர்களுக்குச் சாதா உப்பு, சின்னவர்களுக்கு டாக்டர் உப்பு என்று அக்கா ஆளைப் பார்த்துத்தான் கொடுத்தாள். கழலை உள்ள பெரியவர் யாராவது பிடிவாதமாகக் கேட்டால், தழும்பைக் காட்டுவாள். டாக்டரும் அதற்குப் பிறகு அளவை வெகுவாகக் குறைத்துத்தான் கலந்தார்.

கஸ்பருக்கும் பேச்சு வந்துவிடும் என்று ஊரில் சிலர் எதிர்பார்த்தார்கள். ஆண்டுக்கணக்கில் அக்காவும் உள்ளுக்குள் எதிர்பார்த்தாள் என்று நினைக்கிறேன். வரவில்லை. அது பிறக்கும் முன்னால் முடிந்துபோன விஷயம் என்று டாக்டர் சொன்னார். அன்று அவள் கஸ்பருக்குப் பிடித்த உருளைக்கிழங்கு அப்பம் சுட்டாள், அவ்வளவுதான்.

ஜெபமாலையை வாத்தியார் மனைவி சொல்ல ஆரம்பித்தாள். அக்கா பெஞ்சில் உட்கார்ந்து உதட்டை அசைப்பாள். மாடு கூப்பிட ஒரு கொம்பு வாங்கி வைத்துக்கொண்டாள். முதலில் அதை ஊதும்போது அழுகை வரும் அவளுக்கு. பிறகு பழகிவிட்டது.

அகத்தா பிறந்த மறு வருஷம் இலையுதிர் காலத்தில், உப்பு மூட்டையை இறக்கிவிட்டு மோரிட்ஸ் கிளம்பாமல் நின்றார். மனைவியை இழந்து பல வருஷமான மனிதர். நான் கொட்டிலில் பால் கறந்துகொண்டிருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது.

"ஏறி ஏறி எனக்கும் முடியல, கழுதைக்கும் முடியல" என்றார். "ஒரேயடியா மேலயே இருந்துடலாம்னு பாக்கிறேன்."

"கழுதைக்கு இடம் இருக்கு" என்றாள் அக்கா. "உனக்கு யோசிக்கணும்."

"யோசி. நான் அவசரப்படல."

"என் குரல் இனிமே இப்படித்தான்."

"நல்லதாப் போச்சு. முன்னாடி நீ திட்டுனா கீழ ஆத்துவரைக்கும் கேக்கும்."

தராசுத் தட்டைத் துடைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள், "கஸ்பர்?" என்றாள். எத்தனையோ பேரை எழுந்து போகவைத்த கேள்வி.

"அவன்கிட்ட முன்னாடியே கேட்டாச்சு. கையால காட்டினேன், நீ, நான், இந்த வீடுன்னு. என் தொப்பிய வாங்கிக் கொண்டுபோய் அவன் தொப்பி மாட்டுற ஆணிலயே மாட்டிட்டான். அத இறக்கித் தரமாட்டேங்கிறான். வெறுந்தலையோட எப்படிக் கீழ போறது, சொல்லு."

மாடுகள் மேய்ச்சலிலிருந்து இறங்கிய பின் கல்யாணம் நடந்தது. மணப்பெண்ணுக்கு ஐம்பதைத் தொடும் வயது. கழுத்தில் துணி சுற்றாமல், தழும்பு தெரியத்தான் கோயிலுக்குள் போனாள். முன்வரிசை பெஞ்சில் கஸ்பர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு அகத்தாவை மடியில் வைத்திருந்தார். சாமியார் கேட்டபோது அவள் சொன்ன சம்மதம் இரண்டாவது வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை. சாமியார் மறுபடி கேட்டார். "சொல்லிட்டா சாமி, எனக்குக் கேட்டுச்சு" என்றார் மோரிட்ஸ்.